அனுமதியைப் பயன்படுத்த அனுமதி

நாரின் நகரத்துக் குதிரை வம்சாவளிப் பதிவகத்தில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் குதிரைகள் இருந்தன. ஒன்றுக்கும் புல் போட வேண்டியதில்லை. பெயரும் பிறந்த நாளும், தாயும் தகப்பனும், தகப்பனுக்குத் தகப்பனுமாக அவை கீழ்த்தளத்துக் கணிப்பொறி அறையில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடங்கிக் கிடந்தன. முன்பு காகிதப் பேரேடுகளும் இருந்தன. தொண்ணூறுகளில் கரி கிடைக்காத ஒரு குளிர்காலத்தில் அவை அடுப்புக்குப் போயின. பொலிக்குதிரைகள் பிரமாதமாக எரிந்தன, பெண்குதிரைகள் கொஞ்சம் புகைந்தன என்று அன்று பணியில் இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆகவே அந்த இரும்புப் பெட்டி போனால் நாரின் மலைகளில் எந்தக் குதிரைக்கும் தகப்பன் கிடையாது.

பெட்டியைப் பார்த்துக்கொண்டவள் அனார்குல். வயது முப்பத்து நான்கு. பதவி, இரண்டாம் நிலைக் கணிப்பொறி நிபுணர். முதல் நிலையில் யாரும் இல்லை. அவள் ஏற்கெனவே இரண்டு கண்டனக் கடிதங்கள் வாங்கியிருந்தாள். ஒன்று, தூசி படிந்த மின்விசிறியை அனுமதியில்லாமல் துடைத்ததற்கு. இன்னொன்று, அது தூசியாக இருப்பதைத் தெரிவிக்காமல் விட்டதற்கு. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். நாரினில் கணிப்பொறி அறை இருப்பதே மூன்று அலுவலகங்களில்தான்; மற்ற இரண்டிலும் ஆள் இருந்தார்கள், அவர்கள் ஆரோக்கியமாகவும் இருந்தார்கள்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் பெட்டிக்குள்ளிருந்து 'கடக், கடக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வட்டு தேய்கிறது என்று அனார்குலுக்குப் புரிந்தது. அதற்காக அவள் பதறவில்லை. தினமும் எல்லாவற்றையும் நகலெடுத்து பாலிக்சி கிளை அலுவலகத்து இயந்திரத்துக்கு அனுப்பிவைக்கும் நிரல் ஒன்று இருந்தது. நிரலின் அறிக்கையைத் திறந்து பார்த்தாள். மூன்று வாரமாக அதில் ஒரே வரிதான் இருந்தது.

'பொலிக்குதிரைக் கோப்புறை: அனுமதி மறுக்கப்பட்டது. நகலெடுப்பு நிறுத்தப்பட்டது.'

காரணம் அவளுக்கு உடனே தெரிந்தது. பொலிக்குதிரைப் பிரிவுத் தலைவர் ஓரோசாலி, பெண்குதிரைப் பிரிவினர் தன் கோப்புகளை எட்டிப் பார்க்கிறார்கள் என்று புகார் எழுதி, தன் கோப்புறையைத் தன் ஆட்கள் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்ட வைத்திருந்தார். நகலெடுக்கும் நிரல் அந்த இயந்திரத்துக்குள் 'பெக்கப்' என்ற பெயரில் உலவியது. ஓரோசாலியின் பூட்டு பெக்கப்பையும் வெளியே நிறுத்திவிட்டது. ஒரே ஒரு வரி தட்டினால் சரியாகிவிடும். அந்த வரியை அவள் தட்டவும் ஆரம்பித்தாள். பாதியில் விதி எண் நாற்பத்தொன்று நினைவுக்கு வந்தது: இயந்திரத்தில் எந்த மாற்றமும் இயக்குநரின் எழுத்துபூர்வமான அனுமதியின்றிக் கூடாது. யூ.எஸ்.பி துளைகளில்கூட அரக்கு வைத்து முத்திரை குத்தியிருந்தார்கள். அவள் விரலை எடுத்துவிட்டு, அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

இயக்குநர் தொக்தோசுன் எசென்குலோவிச் பெரிய உடம்புக்காரர். அவருடைய மேசையில் மூன்று தொலைபேசிகள் இருந்தன. அதில் ஒன்றுக்கு மட்டும் கம்பி உண்டு. அறிக்கையைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றி, இறக்கி, அந்த ஒற்றை வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். முகம் சிவந்தது.

"மறுக்கப்பட்டதுன்னு போட்டிருக்கே. யாரு மறுத்தது?"

"இயந்திரம் மறுத்துச்சு, தொக்தோசுன் எசென்குலோவிச்."

"இந்தக் கட்டடத்துல மறுக்கிறது யாரோட வேலை?"

"உங்களோட வேலை."

"நான் மறுத்தேனா?"

"இல்லீங்க."

"அப்ப என் வேலைய எனக்குத் தெரியாம யாரோ பாக்கிறான். இருபத்தெட்டு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து எத்தனை பேருக்கு மறுத்திருக்கேன் தெரியுமா? ஒவ்வொண்ணையும் என் கையால எழுதி, என் பேனாவால கையெழுத்துப் போட்டு மறுத்திருக்கேன். ஒருத்தரையும் காக்க வைக்காம மறுத்ததே கிடையாது. இப்ப ஒரு தகரப் பெட்டி கண்ணிமைக்கிற நேரத்துல மறுத்துட்டுப் போகுதா?"

"ஒரே ஒரு வரிதாங்க. நீங்க சரின்னு சொன்னா இப்பவே..."

"வரியைப் பத்திப் பேசாதே, அனார்குல். இது மரியாதைப் பிரச்சினை."

அன்று மாலைக்குள் விசாரணைக் கமிஷன் அமைந்தது. அனுமதியை மறுத்தவர் யார் என்று கண்டுபிடிப்பது அதன் பணி. தலைவராக, கோப்புறையைப் பூட்ட வைத்த ஓரோசாலியே நியமிக்கப்பட்டார். அவருக்குத்தான் அந்தக் கோப்புறையைப் பற்றி நன்றாகத் தெரியும் என்று ஆணையில் எழுதியிருந்தது.

கமிஷன் முதல் கூட்டத்தில் தேநீரும் போர்சோக் என்ற எண்ணெய்ப் பணியாரமும் தீரும்வரை ஆலோசித்து, மறுப்புக்கு ஆளான பெக்கப் என்பவரை நேரில் வரவழைத்து வாக்குமூலம் வாங்குவதென்று முடிவெடுத்தது. 'பெக்' வரும் பெயர்கள் நாரினில் தெருவுக்குப் பத்து உண்டு. அதனால் யாருக்கும் அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை.

"பைகே, அது ஆள் இல்ல," என்றாள் அனார்குல், ஓரோசாலியை அண்ணன் முறை வைத்து. "நிரலுக்கு வெச்ச பேரு."

"ஆள் இல்லேன்னா எதுக்கு என் பொலிக்குதிரைகளைப் பாக்க வந்தான்?" என்றார் ஓரோசாலி.



பணியாளர் பட்டியலில் பெக்கப் என்று யாரும் இல்லாதது அடுத்த நாளே வெளிப்பட்டது. வெளியாள் ஒருவன் மூன்று வருடமாகக் கட்டடத்துக்குள் வேலை பார்த்திருக்கிறான் என்று மாடி முழுவதும் பேச்சு. ஒன்று அவனைக் காவல்துறையில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் வேலையில் சேர்க்க வேண்டும். காவல்துறைக்கு எழுத நான்கு பிரதிகள் தேவை, வேலைக்குச் சேர்க்க மூன்றுதான். எனவே அனார்குலைக் கல்பூபுவிடம் அனுப்பினார்கள்.

எல்லாரும் எஜே, அதாவது அக்கா, என்று அழைக்கும் கல்பூபு அலுவலகப் பிரிவுக்கும் பணியாளர் பிரிவுக்கும் சேர்த்து ஒரே தலைவி. ஒரே அறையில் இரண்டு மேசைகள் போட்டிருந்தாள். ஒரு மேசையில் உட்கார்ந்து இன்னொரு மேசைக்குக் கடிதம் எழுதுவாள். எழுந்து போய் அங்கே உட்கார்ந்து, அதைப் பிரித்து, யார் இப்படி எழுதினது என்று முகம் சுளிப்பாள். உள்ளே மோசமான மனுஷி இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் இழுப்பறையிலிருந்து ஒரு குருத் உருண்டை எடுத்துக் கொடுப்பாள். அந்த உப்புத் தயிர்க்கட்டி கரைகிற வரைக்கும் யாராலும் எதிர்த்துப் பேச முடியாது.

"அப்பா பேரு?" என்று படிவத்தை நிரப்பத் தொடங்கினாள்.

"எஜே, அதுக்கு அப்பா கெடையாது."

"அப்படிச் சொல்லாத பாவி. யாருக்குத்தான் அப்பா இல்ல? நம்ம ஆபீஸ்ல இருந்துக்கிட்டு அப்படிச் சொல்லலாமா? எங்க இருந்து வந்தான்?"

"சர்வர்ல இருந்து."

'பெக்கப் செர்வெரோவிச்', அதாவது சர்வரின் மகன் பெக்கப், என்று அழகாக எழுதினாள் கல்பூபு. "கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல, எஜே."

"வயசு?"

"மூணு."

"முப்பத்திமூணுன்னு போடுறேன். மூணுன்னா சட்டம் ஒத்துக்காது. புகைப்படம் கொண்டுவந்தியா?"

அனார்குல் வேறு வழியில்லாமல் இரும்புப் பெட்டியை முன்னாலிருந்து படம் எடுத்துக் கொண்டுவந்திருந்தாள். கல்பூபு அதைத் தள்ளி வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்தாள்.

"காது ரெண்டும் தெரியணும். இப்படி விறைப்பா நின்னா எப்படி? சரி, ஒட்டிக்கிறேன், உனக்காக. நெஞ்சுப் படம் எடுத்தாச்சா? காசநோய் இல்லேன்னு சான்றிதழ் வேணும்."

"எஜே, அதுக்கு நெஞ்சே இல்ல."

"அப்ப நோயும் இருக்காது," என்று கல்பூபு சொந்தப் பொறுப்பில் 'ஆரோக்கியம்' என்று எழுதினாள். அவளைப் பற்றி மோசமாகச் சொல்ல முடியாது என்றேனே, அதற்கு இதுதான் ஆதாரம்.

இப்படியாகப் பெக்கப் செர்வெரோவிச் பதிவகத்தின் ஊழியர் ஆனார். மூன்று மாதம் தகுதிகாண் காலம். தகுதிகாண் காலத்தில் பொலிக்குதிரைகளைப் பார்க்க அனுமதி இல்லை என்று அதே ஆணையின் கடைசி வரி சொன்னது.

அனார்குல் கீழே வந்து பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடக், கடக்.

நிரலின் அமைப்புக் கோப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. பாலிக்சி கிளையில் இயந்திரத்தை வேறு அறைக்கு மாற்றியதில் அதன் முகவரி மாறிவிட்டது, அங்கிருந்த பழைய நகல்களும் அழிந்துவிட்டன. புதிய முகவரியைக் கோப்பில் எழுத வேண்டும். அதற்காவது அனுமதி வாங்கிவிடலாம் என்று அவள் அந்தக் கோப்பை அச்செடுத்து மாடிக்கு அனுப்பினாள். பதினொரு நாள் கழித்து அது திரும்பி வந்தது, இயக்குநரின் கையெழுத்தோடு, வட்ட முத்திரையோடு. அவள் கண்ணில் நீரே வந்துவிட்டது. பிறகு வாசித்துப் பார்த்தாள்.

கல்பூபு கோப்பு முழுவதையும் அரசாங்க ஆவணத் தரத்துக்கு ஏற்பத் திரும்பத் தட்டச்சு செய்து, குறுவட்டிலும் போட்டு அனுப்பியிருந்தாள். மேலே 'பெருமதிப்புக்குரிய' என்று ஒரு வரி. இடது பக்கம் மூன்று சென்டிமீட்டர் வெற்றிடம். ஒவ்வொரு வரிக்கும் எண். இதையெல்லாம்கூட நீக்கிவிடலாம். ஆனால் அந்த நிரலுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே 'டேப்' விசை தட்டிய ஒற்றைப் பெரிய இடைவெளிதான் இருக்க வேண்டும். சின்ன இடைவெளிகளை வரிசையாக அடுக்கினாலும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். நிரல் மட்டும் கண்டுபிடித்துவிட்டு வேலை செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். கல்பூபு டேப்புகளை ஒன்றுவிடாமல் தேடிப் பிடித்துச் சின்ன இடைவெளிகளாக மாற்றியிருந்தாள்.

"எஜே, அந்த இடைவெளி அப்படியே இருந்தாத்தான் ஓடும்," என்று அவள் மாடியேறிப் போய்ச் சொன்னாள்.

"தர விதியில ஒரே தடவையில அவ்வளவு பெரிய வெற்றிடம் விடக் கூடாதுன்னு இருக்கு, செல்லம். அந்த எடத்துல யாராவது பிற்பாடு எதையாவது எழுதிச் சேத்துட்டா?"

"வெற்றிடத்துல என்ன எஜே எழுதுவாங்க?"

"நீ சின்னப் பொண்ணு. உனக்குத் தெரியாது. இந்தா குருத்."

முத்திரையிட்ட கோப்பைத் திருத்துவது போலி ஆவணம் தயாரிக்கும் குற்றம். அதனால் அனார்குல் அதை அப்படியே நிறுவினாள். நிரல் வாசித்துப் பார்த்து, முதல் வரியே புரியவில்லை என்றது.

அந்த வாரம் பெய்ஷெனாலி என்ற மேய்ப்பர் மலையிலிருந்து இறங்கி வந்தார். அவருடைய பெண்குதிரை குட்டி போட்டிருந்தது. தாயின் வம்சாவளித் தாள் இருந்தால்தான் குட்டியைப் பதிவு செய்ய முடியும். பதிவு செய்தால்தான் அது கோடைப் பந்தயத்தில் ஓடும் இனத்தில் சேரும். இல்லாவிட்டால் சும்மா ஒரு குதிரை. மனிதர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெட்டி அவருடைய குதிரையைத் தேடியது. பத்து நிமிடம் தேடியது. கடக், கடக், க்ர்ர்ர், கடக். இருபதாவது நிமிடம் திரையில் தாயின் பெயர் வந்தது. தகப்பனை எட்டுமுன் தேடல் நின்றுபோனதால் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

பெய்ஷெனாலி எழுந்து வந்து பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தார். அப்படியே கண்ணை மூடிக் கேட்டார்.

"மகளே, இதுக்கு மூச்சு இழுக்குது."

"தெரியும், பைகே."

"இப்படி இழுக்கிற குதிரைய நான் நாப்பது வருஷமா பாத்திருக்கேன். ஒரு வாரம் தாங்காது. இதோட குட்டி ஏதாச்சும் தனியா இருக்கா?"

"இல்ல."

"ஏன் இல்ல?"

"அனுமதி வரல."

பெய்ஷெனாலி பெட்டியை விட்டு நிமிர்ந்தார். "எங்க மலையில குட்டி போடறதுக்குக் குதிரைங்க யாரையும் கேக்கறதில்ல," என்று சொல்லிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, பத்து நாளில் வருவதாகச் சொல்லிப் போனார்.

 மறுநாள் காலை அனார்குல் இயக்குநர் அறைக்குப் போய், கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

"தொக்தோசுன் எசென்குலோவிச், வட்டு சாகப் போகுது. ஒரு வாரத்துல மொத்தக் குதிரையும் போயிடும். யாருக்காவது அனுமதி குடுங்க. எனக்குக் குடுக்க வேண்டாம். யாருக்காவது."

"இப்ப அந்தப் பெட்டிக்குள்ள யாருக்குத்தான் அனுமதி இருக்கு?"

"ரூட்டுக்கு."

"அது யாரு?"

"உள்ளுக்குள்ள இருக்கிற பெரிய அதிகாரிங்க. அவருக்கு எல்லாத்துக்கும் அனுமதி உண்டு. யாரையும் கேக்க வேண்டியதில்ல. எதை வேணா திறக்கலாம், எதை வேணா அழிக்கலாம்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். 

"யாரையும் கேக்க வேண்டியதில்லையா? மந்திரியைக்கூடவா?"

"மந்திரியக்கூட."

"எனக்கே ஒரு டஜன் பென்சில் வாங்க மூணு கையெழுத்து வேணும்." அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். "நான் சேர்ந்த நாள்லருந்து, ஒரு நாளாவது யாரையும் கேக்காம ஒரு காரியம் செஞ்சிடணும்னு எனக்கு ஆசை. ஒரு நாள். ஒரு சின்னக் காரியம். அந்தத் தைரியம் வரலேன்னுதான் மத்தவங்களும் செய்யாம பாத்துக்கிட்டு இருக்கேன். அதுதான் நிர்வாகம். நீ என்னடான்னா, என் காலுக்குக் கீழ, என் கட்டடத்துல, ஒருத்தன்..."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அனார்குலுக்கு ஒரு நிமிடம் அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த நிமிடத்துக்குள் அவர் ஆணை எழுதி முடித்துவிட்டார்: ரூட் என்பவரின் கடவுச்சொல்லை உறையில் இட்டு, அரக்கு வைத்து, இயக்குநரின் இரும்புப் பெட்டகத்தில் பூட்ட வேண்டும்.

ஆக, இருந்த ஒரே வழியும் பெட்டகத்துக்குள் போய்விட்டது.

ஆனால் அந்த ரூட் இயக்குநரை நிம்மதியாகத் தூங்க விடவில்லை போலிருக்கிறது. மூன்று நாள் கழித்து நோரூஸ் என்ற வசந்தப் புத்தாண்டுப் பண்டிகை. தலைநகரத்திலிருந்து ஆய்வாளர் வேறு அடுத்த நாள் வரப்போகிறார். பண்டிகைக் கூட்டத்தில், சுமலக் என்ற கோதுமைக் கூழ் நிறைந்த கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி இயக்குநர் மேடையேறினார்.

"தோழர்களே! பெரியோர்களே! பெட்டிக்குள் ஒருவருக்கு மட்டும் எல்லா அனுமதியும் இருப்பது அநியாயம் என்று நான் உணர்ந்தேன். இந்தப் புத்தாண்டில், என் சொந்தப் பெருந்தன்மையால், பெட்டியில் உள்ள எல்லாக் கோப்புகளுக்கும் எல்லாருக்கும் எல்லா அனுமதியும் வழங்குகிறேன்! இதனால் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்று நிபுணர்களைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்!"

நிபுணர் என்றால் ஓரோசாலி. கைதட்டல் அடங்கியதும் பெட்டகத்திலிருந்து உறையைக் கொண்டுவந்தார்கள். கமிஷன் முன்னிலையில் கமிஷன் தலைவரே ஆணையைத் தட்டுவதாக ஏற்பாடு. கீழே கணிப்பொறி அறையில் ஓரோசாலி அனார்குலின் நாற்காலியில் அமர்ந்தார். அவருக்குச் சின்ன எழுத்து தெரியாததால், இருபது எழுத்துக் கடவுச்சொல்லை இயக்குநர் மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் வாசித்தார். ஆற்றின் அக்கரையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. பிறகு உறையை ஒட்டி, 'பரம இரகசியம்' என்று புதிய முத்திரை குத்திப் பெட்டகத்தில் வைத்தார்கள்.

"இப்ப நகல் எடும்மா பாக்கலாம்," என்றார் ஓரோசாலி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

டேப்புகளைச் சரியாகப் போட்ட அமைப்புக் கோப்பு ஒன்றையும் பெருந்தன்மையோடு பெருந்தன்மையாக அன்று அனுமதித்திருந்தார்கள். அனார்குல் நிரலை ஓடவிட்டாள். பாலிக்சிக்குள் நுழைய பெக்கப்பிடம் ஒரு சாவிக்கோப்பு உண்டு. நிரல் அந்தச் சாவியை எடுத்தது, பார்த்தது, கீழே போட்டது. திரையில் ஒரு வரி வந்தது.

'இந்தச் சாவிக்கு அனுமதி அளவுக்கு மீறி இருக்கிறது. இதைப் பயன்படுத்த மாட்டேன்.'

"என்ன சொல்லுது?" என்று இயக்குநர் படியிறங்கி வந்து கேட்டார்.

"எல்லாரும் தொடக்கூடிய சாவிய அது நம்பாதுங்க. சாவி ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கணும்."

"குடுக்கலேன்னா இல்லேங்குது. குடுத்தா ஜாஸ்திங்குது." இயக்குநர் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. "இது நல்ல அதிகாரியா வரும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். மெலிந்த மனிதர், கழுத்துப் பட்டையில் முந்தின ஊர் விருந்தின் கறை. அனைவரும் மாடி மண்டபத்துக்குப் போனார்கள். 'வம்சாவளித் தரவுகளைப் பாதுகாப்பதில் நமது வெற்றிகள்' என்ற தலைப்பில் இயக்குநர் பேசத் தொடங்கினார். அனார்குல் மட்டும் கீழே பெட்டியோடு இருந்தாள். மாடியிலிருந்து "பாதுகாப்பு" என்ற சொல் விழும்போதெல்லாம் பெட்டி கடக் என்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் என்றால், அவளும் எல்லாரில் ஒருத்திதானே? ரூட்டின் கடவுச்சொல் ஊருக்கே தெரியும். ஆனால் அதைத் தொட்டால் முத்திரையை உடைத்த குற்றம். அது வேண்டாம். பெக்கப்பின் சாவியைத் தன் பெயரில் ஒரு பிரதி எடுத்தாள். எடுக்க முடிந்தது, எல்லாருக்கும் அனுமதி. பிரதியை மற்றவர்கள் யாரும் தொட முடியாதபடி தனக்கு மட்டும் என்று பூட்டினாள். அமைப்புக் கோப்பையும் தன் இடத்தில் எழுதிவைத்தாள், டேப் டேப்பாக.  மூன்றாவது கண்டனக் கடிதத்தின் முகப்பு எழுத்துகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. பெய்ஷெனாலி பெட்டியில் காது வைத்த கோலம் அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. ஓடு என்று தட்டினாள்.

ஓடியது. பொலிக்குதிரைகள், பெண்குதிரைகள், குட்டிகள், காயடித்தவை, எல்லாம் கூட்டம் கூட்டமாகப் பாலிக்சிக்குப் போயின. இரண்டே முக்கால் மணி நேரம். இயக்குநரின் உரை மூன்று மணி நேரம். வாழ்க்கையில் முதல் தடவையாக அனார்குல் அவருடைய உரை நீள வேண்டும் என்று விரும்பினாள், அவரும் ஏமாற்றவில்லை.

திரையில் 'முடிந்தது' என்று வந்தது. சில நிமிடங்களில் மாடியிலிருந்து எல்லாரும் இறங்கி வந்தார்கள். "ஏதாவது ஒரு குதிரையைக் காட்டுங்கள்," என்றார் ஆய்வாளர். அனார்குல் தேடலை அழுத்தினாள். பெட்டி க்ர்ர்ர் என்று நீளமாக ஒரு சத்தம் போட்டது. பிறகு சத்தமே போடவில்லை.

இயக்குநர் திரையின் கருப்பைப் பார்த்தார். "இது எங்கள் கருங்குதிரைகள்," என்றார்.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். "எத்தனை?"

"அனைத்தும்."

"வட்டு செத்துப்போச்சு," என்றாள் அனார்குல். மண்டபமே இறங்கி வந்து நின்ற அந்த அறையில் கல்பூபுவின் வாயில் குருத் உருளும் ஓசை கேட்டது. "ஆனா நகல் இருக்கு. பாலிக்சியில. காலையில எடுத்தேன்."

 இயக்குநர் ஒரு பெருமூச்சு விட்டார். கல்பூபு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆய்வாளர் 'பாதுகாப்பு ஏற்பாடு நேரடிச் செயல்விளக்கத்துடன் காட்டப்பட்டது, மிகவும் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்திட்டு, குதிரைக் கறி விருந்துக்குப் போனார். இரண்டு நாளில் புது வட்டு வந்தது. குதிரைகள் பாலிக்சியிலிருந்து திரும்பின. பெய்ஷெனாலி சொன்னபடி வந்தார். அவருடைய குதிரைக்குத் தகப்பன் கிடைத்தது. தகப்பனின் தாய் ஒரு பந்தயத்தில் தோற்றது வரைக்கும் கிடைத்தது. மனிதர் தாளை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"அனுமதி வந்திருச்சா, மகளே?"

"விசாரணை வந்திருக்கு, பைகே."

உண்மைதான். கமிஷன் மறுபடி கூடியிருந்தது. அனார்குல் நின்றுகொண்டு பதில் சொன்னாள்.

"எல்லாருக்கும் எல்லா அனுமதியும்னு இயக்குநரே மேடையில சொன்னாரு. நான் அதைத்தான் செஞ்சேன்."

"அனுமதி இருந்துச்சு. அதை நாங்க மறுக்கல," என்றார் ஓரோசாலி. "அனுமதியைப் பயன்படுத்த அனுமதி வாங்கினியா?"

"அது எதுக்கு பைகே?"

"எதுக்கா? அனுமதின்னா மரியாதைக்குக் குடுக்கிறது. விருந்தாளிக்கு ஆட்டுத் தலைய வைக்கிறோம். அதுக்காக அவரு மொத்தத் தலையையும் தின்னுட்டா போவாரு? நாங்க குடுத்தோம். நீ பாத்து, நன்றி சொல்லி, அப்படியே வெச்சிருக்கணும்."

இயக்குநர் தலையசைத்தார். "எல்லாரும் இப்படிப் பயன்படுத்த ஆரம்பிச்சா, நாளைக்கு அனுமதி குடுக்கவே பயமா இருக்கும்."

தீர்ப்பு மூன்று பக்கம். சாரம் இதுதான். அனார்குல் எடுத்த நகல் சட்டவிரோதமானது. அதிலிருந்து மீட்ட குதிரைகளும் சட்டவிரோதமானவை. அவை அனைத்தையும் அழிக்க வேண்டும். அழிக்கும் வேலை தெரிந்தவள் அனார்குல் ஒருத்திதான் என்பதால் அவளே அழிக்க வேண்டும். மூன்றாவது கண்டனக் கடிதம் இத்துடன் வழங்கப்படுகிறது. அழித்து முடித்த மறுநாளிலிருந்து அவள் பணிநீக்கம்.

அனார்குல் தீர்ப்பை இரண்டு தடவை வாசித்தாள். அழவில்லை. கீழே இறங்கிப் போய், புது வட்டின் சத்தமில்லாத சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இயக்குநருக்கு மிகவும் பணிவாக ஒரு மனு எழுதினாள். ஆணையைத் தலைமேல் ஏற்கிறேன். ஆனால் அழிப்பதும் இயந்திரத்தில் ஒரு மாற்றமே. விதி நாற்பத்தொன்றின்படி அதற்கு எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். அழிப்புக்கான அனுமதிப் படிவம் எதுவும் நமது அலுவலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. தாங்களே வழிகாட்ட வேண்டும்.

இயக்குநர் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றார். கம்பியுள்ள தொலைபேசியை எடுத்து அவளை மாடிக்கு அழைத்தார்.

"அனார்குல், இந்தக் கட்டடத்துல என்னைப் புரிஞ்சவ நீ ஒருத்திதான். நீ போறது எனக்குப் பெரிய இழப்பு."

அழிப்பு அனுமதிப் படிவத்தை உருவாக்க ஒரு கமிஷன் அமைந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை கூட வேண்டும். அதற்குச் செயலாளர் வேண்டுமல்லவா? பொருளறிவு உள்ளவர் என்ற முறையில் அனார்குலை நியமித்தார்கள். கூட்டக் குறிப்புகளை அவள் மிகுந்த அக்கறையோடு எழுதுகிறாள். ஒருவர் சொன்னது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுகிறாள். யாருக்காவது திருத்தம் இருந்தால் வற்புறுத்திக் கேட்டு வாங்குகிறாள். அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. சட்டவிரோதக் குதிரைகள் இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டன.

போன புதன்கிழமை படிவத்தின் தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். 'அழித்தல்' என்று இருக்க வேண்டும் என்றார் ஓரோசாலி. 'நீக்குதல்' என்பதுதான் தர விதிக்குப் பொருந்தும் என்றாள் கல்பூபு. மேசையில் இரண்டு பக்கமும் சம பலம். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எப்படியோ முடிவுக்கு வந்துவிடும் போலிருந்தது.

"ஒரு சின்ன யோசனை," என்று பேனாவை மூடாமலே சொன்னாள் அனார்குல். "'துடைத்தல்'னும் ஒரு சொல் இருக்குதே?"

 இது ஆழமான கருத்து என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. கூட்டத்தை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, இயக்குநர் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.